தம்பிக்கு எடுத்த மஜ்ஜை

என் தம்பி சவரிமுத்துவின் நோய் முதலில் ஒரு கயிற்றுத் தடமாகத்தான் எங்கள் கண்ணில் பட்டது.

அவன் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன். கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்குவான். இடுப்பில் இன்னொரு கயிறு இருக்கும். அதன் மறுமுனையை வள்ளத்தில் இருந்தபடி அவன் மைத்துனன் கஸ்பார் பிடித்திருப்பான். தம்பி கீழேயிருந்து சுண்டினால் இவன் மேலே இழுப்பான். இழுக்கும்போது கயிறு இடுப்பில் பதியும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிடுவதற்குள் தடம் மறைந்துவிடும். உலகப் போர் முடிந்த மறு வருடத்துச் சங்குப் பருவத்தில் அது மறையவில்லை. கருநீலமாகக் கன்றி, நாள்கணக்கில் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவன் மனைவி ரெஜினா அவனுடைய சட்டையைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

“மதினி, இதப் பாருங்க. கேட்டா ஒண்ணுமில்லங்காக. படுத்தா பாய் நனையிற அளவுக்கு வேர்க்கு. ஆளும் இளைச்சிட்டே வாராக.”

“கடல்ல கெடக்கவன் நனையத்தான செய்வான்,” என்று தம்பி சிரித்தான்.

கஸ்பார் சிரிக்கவில்லை. “மச்சானுக்கு மூச்சு நிக்க மாட்டேங்கு அக்கா. எறங்கின ஒடனே கயித்தச் சுண்டுதாரு,” என்றான்.

நான் நர்ஸ். மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றுவிட்டு, ஊருக்கே திரும்பி வந்து இங்குள்ள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் சின்ன வயதிலேயே போய்விட்டதால் நானும் தம்பியும் சித்தி வீட்டில் வளர்ந்தோம். இந்த உலகத்தில் எனக்கு ரத்த உறவு என்று இருந்தது அவன் ஒருவன்தான்.

அவனைப் பாயில் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தேன். மண்ணீரல் (இடப்பக்க விலாவுக்குள் ஒளிந்திருக்கும் உறுப்பு, நல்ல உடம்பில் கைக்கு அகப்படாது) தொப்புள்வரை இறங்கி, பலகைபோலக் கெட்டியாக இருந்தது. மலேரியாக் காய்ச்சலில் இப்படி வீங்கிப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதுதான் என்று நம்பினேன். நம்ப விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி. கொயினா மாத்திரை கொடுத்தோம். வேர்வை நிற்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானராஜ் இருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் தம்பியின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, “சிஸ்டர், நீங்களே பாருங்க,” என்றார்.

உப்பளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் நாரைகள் மாதிரி வெள்ளை அணுக்கள் தெரியும் என்பதுதான் எனக்குப் பழக்கம். அன்று உப்பளமே தெரியவில்லை. கண்ட இடமெல்லாம் நாரைதான்.

“லுக்கீமியா,” என்றார். (ரத்தத்தில் வரும் புற்றுநோய். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.) “மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. எக்ஸ்ரே வச்சா வீக்கம் வத்தும். கொஞ்ச காலம் நல்லா இருப்பாரு.”

“கொஞ்ச காலம்னா எவ்வளவு டாக்டர்?”

“எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் எனக்குப் பிரியம் இல்ல.”

அந்தப் பதிலுக்காகத்தான் பின்னால் நடந்த எல்லாவற்றிலும் நான் அவரை நம்பினேன்.

தம்பியிடம் நோயின் பெயரை மறைக்க வேண்டும் என்று சித்தி மகன்கள் சொன்னார்கள். நான் மறைக்கவில்லை. கடலடிக்கு இறங்குகிறவனிடம் ஆழம் எவ்வளவு என்று மறைப்பது நியாயமாகப் படவில்லை.

“ரத்தத்துல புத்தா?” என்று கேட்டான். “தரையிலதான புத்து வரும். ஓடுத ரத்தத்துல எப்படிக்கா புத்து கட்டும்?”

அவனுக்கு வேண்டிய துணிகளை எடுத்து மெட்ராஸுக்குப் பெட்டி கட்டினேன்.

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரெஜினா நான்கு வயது மகள் செலினோடு ஊரில் இருந்துவிட்டாள். ஆண்கள் வார்டில் பெண்கள் தங்க அனுமதி இல்லை. நானும் நர்ஸ் என்பதால், பகலில் அவனுக்கு வேண்டியதைச் செய்துகொள்ள மேட்ரன் இடம் கொடுத்தார்.

முதலில் நெஞ்செலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை (எலும்புக்குள் இருக்கும் செந்நிறச் சாறு; ரத்த அணுக்கள் பிறக்கும் இடம்) எடுத்துச் சோதித்தார்கள். பிறகு மண்ணீரலின்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள். கதிர் சுடாது, சத்தம் போடாது. ஆனால் அறையை விட்டு வெளியே வந்ததும் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பான். கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பேன். அதுவும் வந்துவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி கொடுப்பேன். இந்த நோயில் பக்கத்தில் இருக்கிறவர்களின் வேலை பெரும்பாலும் அதுதான். வெளியே வந்ததைத் துடைத்துவிட்டு, மறுபடி கொடுத்துப் பார்ப்பது.

மண்ணீரலின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று அவன் வயிற்றில் மையால் கோடு போடுவார்கள். அடுத்த முறை கதிர் வைக்கும்போது புதுக்கோடு. கோடுகள் மேலே மேலே ஏறிக்கொண்டு போயின.

“கடல் வத்துத மாதிரி வத்துதுல்லா அக்கா,” என்று அவன் தன் வயிற்றைத் தானே குனிந்து பார்ப்பான்.

ஊருக்குத் திரும்பியபோது வேர்வை நின்றிருந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது. தெருவில் எல்லோரும் மாதாவின் அருள் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை மறந்துவிட்டேன் என்று இல்லை. ஆனால் அவன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவதைப் பார்க்கும்போது, பார்த்தது வேறு யாருடைய ரத்தமோ என்று தோன்றும்.

அடுத்த சங்குப் பருவம் தொடங்கியதும் கடலுக்குப் போகிறேன் என்றான். நான் கூடாது என்றேன். சத்தம் போட்டேன். அன்று ரெஜினாதான் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனாள். அவள் அதிகம் பேசாதவள்; என் முன்னால் குரல் உயர்த்தியதே இல்லை.

“மதினி, வீட்டுல இருக்கும்போது அவுக வாசல்லயே உக்காந்து கடலப் பாக்காக. நான் என்ன பேசினாலும் காதுல விழ மாட்டேங்கு. செத்துட்டா எப்படி இருக்கும்னு எனக்கு இப்பமே தெரியுது. போகட்டும் மதினி.”

டாக்டரிடம் கேட்டேன். “முங்குதது அவருக்கு நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். கூடாதுன்னு சொல்லவும் எங்கிட்டக் காரணம் இல்ல,” என்றார்.

தம்பி போனான். முன்போல ஆழத்துக்கு இறங்கவில்லை. இரண்டு முறை இறங்கினால் ஒருமுறை கஸ்பார் அவனை உட்காரவைத்துவிட்டு, தானே இறங்குவான். ஆனாலும் சாயங்காலம் உப்பு பூத்த உடம்போடு வீட்டுக்கு வருவான், சத்தமாகப் பேசுவான், செலினைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பான். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது வீட்டில் இப்படி ஓர் ஓய்வுக் காலம் வாய்த்திருந்தால், அடுத்து என்ன வருமோ என்று காத்திருந்தே அதைக் கழித்துவிட வேண்டாம். நான் பாதியைக் காத்திருந்தே கழித்தேன். ரெஜினா முழுதாக வாழ்ந்தாள்.

மறுபடி வந்தபோது நோய் வேறு முகத்தோடு வந்தது.

மீனைக் கடிக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்து சோறு சிவந்தது. முழங்காலுக்குக் கீழே ஊசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்றான். விரலால் அழுத்தினேன். கொசுக்கடி என்றால் வெளுக்கும். இவை வெளுக்கவில்லை. (தோலுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.) அன்று மாலையே காய்ச்சல் வந்தது.

டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இனி எக்ஸ்ரே பயன்படாது என்றார். அணுக்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூட முதிர்ந்தது இல்லை, காவலுக்கு நிற்கத் தெரியாதவை. சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட அவனைக் கொண்டுபோய்விடும்.

ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவின் கோடியில் ஒரு சிறிய அறை இருந்தது. பெரியம்மை, தொண்டையடைப்பான் போன்ற தொற்று நோயாளிகளை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பதற்கான அறை. அதைச் சுண்ணாம்பு அடித்து, கார்பாலிக் கரைசலில் கழுவி, தம்பியை அதில் வைத்தோம். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறையை அப்படியே தலைகீழாகத் திருப்பினோம். நோயாளியிடமிருந்து உலகத்தைக் காப்பதற்குப் பதிலாக, உலகத்திடமிருந்து நோயாளியைக் காப்பது.

செய்ததைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

உள்ளே வருகிறவர்கள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் போர்வை, வேட்டி எல்லாம் தினமும் கொதிநீரில். குடிக்கிற தண்ணீர், கொப்பளிக்கிற தண்ணீர் இரண்டும் கொதித்து ஆறியது. பல் துலக்கக் குச்சியோ கரியோ கிடையாது. மெல்லிய துணியை விரலில் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து, தொட்டும் தொடாமலும் துடைக்க வேண்டும். வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து. காய்ச்சலுக்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த பெனிசிலின் ஊசி. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. நின்றுவிட்டது என்று தோன்றிய பிறகும் எடுக்கக் கூடாது.

கஷ்டமானது இவை எதுவும் இல்லை. ஆட்களைத் தடுப்பதுதான்.

எங்கள் ஆட்கள் நோயாளியைத் தனியாக விடுகிறவர்கள் இல்லை. தெருவே திரண்டு வந்தது. மந்திரித்த எண்ணெய், மாதா கோயில் மாலை, பொரித்த மீன், உடன்குடிக் கருப்பட்டி. நான் வாசலில் நின்று எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். சித்தி வராந்தாவிலேயே நின்று, கேட்கிறவர்கள் காதில் விழட்டும் என்று சொன்னாள்: “நர்ஸுக்குப் படிச்சிட்டா. அதுக்காக சொந்தத் தம்பிய ஜெயில்ல அடைச்ச மாதிரி அடைச்சிட்டாளே.”

செலினை ரெஜினா ஜன்னலுக்கு வெளியே தூக்கிக் காட்டுவாள். தம்பி கையை ஆட்டுவான். குழந்தை முதலில் சிரித்தாள். போகப் போக முகத்தைத் திருப்பி அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

அவனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் சோதித்தார்கள். ரெஜினாவுடையது ஒத்துவரவில்லை. கஸ்பாருடையதும் ஒத்துவரவில்லை. “இத்தன வருசமா கயிறு பிடிக்க நான் ஆகும். ரத்தம் குடுக்க ஆக மாட்டேனா?” என்று அவன் டாக்டரிடம் சண்டைக்குப் போனான். என்னுடையது ஒத்துவந்தது. கொடுத்தேன். ஏற்றிய அன்று முகத்தில் நிறம் வரும். சில நாளில் மறுபடி வெளுத்துவிடும்.

அப்போதுதான் டாக்டர் ஞானராஜ் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“நல்ல ரத்தத்த ஏத்துதோம். அது செலவாயிருது. ரத்தம் பிறக்கிற எடமே அவருக்குக் கெட்டுப் போச்சு. நல்ல மஜ்ஜையக் குடுத்தா அது அவரு எலும்புல போய் ஒக்காந்து வேலை செய்யுமோன்னு வெளிநாட்டுல ஒண்ணு ரெண்டு பேரு செஞ்சு பாத்திருக்காங்க. பலிச்சதுன்னு தெளிவா யாரும் சொல்லல. நான் செஞ்சது இல்ல. இங்க யாரும் செஞ்சது இல்ல.”

“எங்கிட்ட எடுங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க சிஸ்டர்.”

“யோசிக்க என்ன இருக்கு டாக்டர்?”

“பலிக்கலைன்னா என்னங்கிறத யோசிக்கணும். அவருக்கு இல்ல, ஒங்களுக்கு.”

எனக்கு அன்று அது புரியவில்லை.

தம்பியிடம் சொன்னபோது முதலில் மறுத்தான். மெட்ராஸில் தனக்குப் போட்ட நெஞ்செலும்பு ஊசி அவனுக்கு நினைவிருந்தது. “ஒனக்கு எதுக்குக்கா அந்த வாதை?” என்றான். கடைசியில் ரெஜினா ஜன்னலுக்கு வெளியே நின்று, “எனக்காகச் சரின்னு சொல்லுங்க,” என்று கேட்ட பிறகு தலையை ஆட்டினான்.

மேஜையில் மல்லாந்து படுத்தேன். தோலுக்கு மரப்பு ஊசி போட்டார்கள். எலும்புக்கு மரப்பு இல்லை. தடித்த ஊசியை டாக்டர் இரண்டு கையாலும் அழுத்தித் திருகினார். ஏதோ நொறுங்குவதுபோல ஒரு சத்தம் என் உடம்புக்குள்ளிருந்தே எனக்குக் கேட்டது. குத்தும்போது வந்த வலியைத் தாங்க முடிந்தது. உறிஞ்சும்போது வந்தது வேறு. என் உடம்பின் நடுவில் எனக்கே தெரியாத ஓர் அறை இருந்ததுபோலவும், அதைத் திறந்து சாமான்களை வெளியே எடுப்பதுபோலவும் இருந்தது. இடத்தை மாற்றி மாற்றிக் குத்தினார்கள். எத்தனை நோயாளிகளை இப்படிப் பிடித்துக்கொண்டு, “அசையாதீங்க, இப்ப முடிஞ்சிரும்,” என்று சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை படுத்திருக்கிறவர் காதில் எப்படி விழும் என்று அன்று தெரிந்தது.

கண்ணாடிக் குழலுக்குள் அது கருஞ்சிவப்பாக இருந்தது. மேலே பொட்டுப் பொட்டாகக் கொழுப்பு மிதந்தது. உறையாமலிருக்க மருந்து சேர்த்து, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் கலந்து, தம்பியின் நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். நான் மேஜையிலிருந்து இறங்கி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். டாக்டர் திட்டினார். போய்ப் படுங்கள் என்றார். நான் துணியைக் கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வலிச்சுதாக்கா?”

“இல்லலே.”

“பொய் சொல்லுத. ஒன் மொகம் என் வாயி கலர்ல கெடக்கு,” என்றான். ஊதா மருந்து பூசிய உதட்டோடு சிரிக்கப் பார்த்தான். பிறகு நடுக்கம் வந்தது. கட்டில் ஆடியது. போர்வைக்கு மேல் போர்வை போட்டு, சுடுதண்ணீர்ப் புட்டிகளைக் காலடியில் வைத்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் ஆவதற்குள் நடுக்கம் அடங்கியது.

அதற்கடுத்த வாரம் அவன் தேறினான்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. ஈறில் ரத்தம் நின்றது. காய்ச்சல் இறங்கியது. கருப்பட்டி போட்ட கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான். எழுந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே நின்ற கஸ்பாரிடம் காற்று எப்படி அடிக்கிறது, வள்ளங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று கேட்டான். அக்கா எலும்பைக் கொடுத்துத் தம்பியைப் பிழைக்கவைத்துவிட்டாள் என்று தெருவில் பேச்சு. சித்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அங்கே இருந்த வலி எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்டபோது, “அதோட சேத்து ரத்தமும் ஏத்தினோம். பெனிசிலினும் போகுது. எது வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியல,” என்றார்.

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

சிவப்புப் புள்ளிகள் இந்த முறை வயிற்றில் வந்தன. பிறகு கண்ணின் வெள்ளையில். மூக்கிலிருந்து ரத்தம் வரத் தொடங்கி, பஞ்சு வைத்து அடைத்தால் தொண்டை வழியாக இறங்கியது. நான் டாக்டர் அறைக்குப் போய், கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தேன்.

“இன்னொருக்க எடுங்க.”

“சிஸ்டர், ஒக்காருங்க.”

“போன தடவ பத்தல. கூட எடுங்க. இடுப்பெலும்புல எடுங்க. எங்க வேணும்னாலும் எடுங்க.”

“எடுக்கலாம். ஒங்க எலும்புல இருக்கும். அவரு ஒடம்பு அத வச்சுக்கல,” என்றார். “இனிமே எடுத்தா அவருக்காக எடுக்க மாட்டேன். ஒங்களுக்காகத்தான் எடுப்பேன். அது வைத்தியம் இல்ல.”

நான் அவரோடு வாதாடினேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் தம்பிக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ரெஜினா செலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, கதவத் தெற,” என்றான்.

“காய்ச்சல் கூடிரும்லே.”

“இனிமே கூடுததுக்கு என்ன இருக்கு?” மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். “ஆள் மொகம் பாத்து எம்புட்டு நாளாச்சி. வாரவுக எல்லாம் வெறும் கண்ணாத்தான் வாராக. நீயும் கண்ணாத்தான் வார.”

கையில் ஈரத்துணியோடு நின்றேன். கதவை எப்படி மூட வேண்டும் என்று எனக்குப் படித்துக்கொடுத்திருந்தார்கள். சோப்பு, துணி, கொதிநீர், எல்லாவற்றுக்கும் முறை இருந்தது. எப்போது திறக்க வேண்டும் என்பதற்கு எந்த முறையும் யாரும் சொல்லித் தரவில்லை.

ரெஜினா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். “மதினி, நீங்க காப்பாத்தப் பாத்தது எனக்குத் தெரியும்,” என்றாள். “இப்பம் என்னை உள்ள விடுங்க.”

நான் முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். தம்பி என்னையே பார்த்தான்.

“கறுத்துப் போயிட்டியே அக்கா,” என்றான்.

கதவைத் திறந்தேன்.

ரெஜினா வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். செலின் சற்று நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு கட்டிலில் ஏறி, அவன் உதட்டில் இருந்த ஊதா மருந்தை விரலால் தொட்டுத் தன் உதட்டில் தடவிக்கொண்டாள். அவன் சிரித்தான். ஈறில் ரத்தம் வந்தது. நான் துடைத்தேன்.

அதற்குப் பிறகு யாரையும் தடுக்கவில்லை. சித்தி வந்தாள், தெருக்காரர்கள் வந்தார்கள். கோயில் சாமியார் வந்து அவஸ்தை (சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசிச் சொல்லும் செபம்) கொடுத்தார். கஸ்பார் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். சாப்பிடப் போகச் சொன்னாலும் எழுந்திருக்கவில்லை. அந்த அறையில் வேர்வையும் மீன் வாடையும் மெழுகுவர்த்திப் புகையும் நிறைந்தன. என் படிப்பின்படி எல்லாமே தவறு. தம்பி நோய் வந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு காலையில் ரெஜினாவும் நானுமாக அவனுக்கு விரிப்பு மாற்றினோம். அவனை என் பக்கமிருந்து அவள் பக்கம் மெல்லத் திருப்பினேன். அவள் ஏந்திக்கொண்டாள். திருப்பிய அந்த அசைவிலேயே மூச்சு நின்றிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு செய்தும் என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். சில நாட்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். அந்த நாட்கள் என் மஜ்ஜையால் வந்ததா, இல்லாவிட்டாலும் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது மாதிரி சொல்ல எனக்கும் இப்போது பிரியமில்லை. பின்னொரு காலத்தில் யாராவது இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வார்கள் என்று டாக்டர் ஞானராஜ் சொல்கிறார். இருக்கலாம். அந்த நோயாளியின் அறைக்கதவிலும் யாராவது ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், ஒரு நோயாளியைக் கட்டிலில் தூக்கிச் சாய்த்தபோது நெஞ்செலும்பில் சுரீரென்று வலித்தது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல. மேல கொஞ்சம் நோவு இருக்கும். உள்ள எடுத்ததெல்லாம் அப்பமே நெறஞ்சிருக்கும்.”

“அப்பமேன்னா?”

“கொஞ்ச நாள்லயே. எலும்பு சும்மா இருக்காது சிஸ்டர்.”

அதைக் கேட்டு எனக்கு வந்தது கோபம். அவனுக்குக் கொடுத்தது அவனிடம் தங்காமல் அழிந்துகொண்டிருந்தபோதே, என் எலும்பு என்னைக் கேட்காமல், எதுவும் நடக்காததுபோல, பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். என் உடம்பு தேறிக்கொண்டிருந்தது. ஒரே ஆளுக்குள் இரண்டு காலம் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு என் உடம்பை முழுதாக என்னுடையது என்று என்னால் நினைக்க முடியவில்லை. அது என்னோடு குடியிருக்கும் வேறொன்று. அதற்கு அதன் வேலை இருக்கிறது.

உங்கள் உடம்பும் உங்களுக்கு முன்னால் தேறிவிடும். தூங்கும், நகம் வளர்க்கும். அதைத் துரோகம் என்று நினைக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லலாம். நான் நினைத்தேன்.

அன்று வேலை முடிந்து நேராக ரெஜினா வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உட்காரவைத்தாள். தட்டை வைத்துச் சோறு போட்டு நெத்திலிக் குழம்பை ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குழம்பின் வாசனை வந்தது. பசித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வயிற்றைப் பிடுங்குகிற மாதிரி பசித்தது. கண்ணீர் தட்டில் விழ விழ, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். தட்டு காலியானதும் அவள் முகத்தைப் பார்க்காமலே தட்டை நீட்டினேன்.

ரெஜினா இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.